பள்ளத்துக்குப் போனதை மேட்டுக்கு ஏத்துறது யாரு?

அக்கா பையன் சயின்ஸ் புக்கை மடியில போட்டுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டான். "மாமா, சூரியன்ல இருந்து தினமும் எனர்ஜி வந்துட்டே இருக்கு, செடி அதைப் புடிச்சு வெச்சுக்குது, செடியை மான் தின்னுது, மானைப் புலி தின்னுது, அப்போ எல்லா எனர்ஜியும் கடைசில புலிகிட்ட போய்த்தானே சேரணும்?" நல்ல கேள்வி. புக்ல இருக்குற படத்தைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், ஏன்னா அதுல எல்லா அம்புக்குறியும் ஒரே தடிமன், ஒரே கலரு. சூரியன்ல இருந்து புல்லுக்கு ஒண்ணு, புல்லுல இருந்து மானுக்கு ஒண்ணு, மான்ல இருந்து புலிக்கு ஒண்ணு, செத்த புலில இருந்து மண்ணுக்கு ஒண்ணு, மண்ணுல இருந்து திரும்பப் புல்லுக்கு ஒண்ணு, முடிஞ்சுது கதை, அழகா வட்டம் போட்டாச்சு.

எனக்கு அந்த வட்டத்து மேலதான் கோவம். அதுல ரெண்டு தனித்தனிக் கதையை ஒண்ணாப் போட்டுக் குழப்பி வெச்சிருக்காங்க. எனர்ஜிக்கு வட்டமே கிடையாது, போனா போனதுதான். சத்துங்க, அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு மாதிரி சமாச்சாரங்க, அழியாது, ஒரே அணுவைத் திரும்பத் திரும்ப யூஸ் பண்ணலாம், ஆனா அதுவும் தானா சுத்தி வராது. யாராவது சுமந்துட்டு வரணும். அந்த "யாராவது" யாருங்கறதுதான் இந்தக் கதையிலயே எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, அதுக்கு வர்றதுக்கு முன்னாடி எனர்ஜி கணக்கைப் பாத்துடலாம்.

அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல சில்வர் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊற்று இருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு, வருஷம் பூரா சூடும் பெருசா மாறாது, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இதைவிட என்ன வேணும். ஹோவர்ட் ஓடம்ங்கறவர் அங்க உக்காந்து, தண்ணிக்கடியில இருக்குற செடி, அது மேல படியுற பாசி, அதைத் திங்குற நத்தை, ஆமை, மீனு, மீனைத் திங்குற மீனுன்னு ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு எனர்ஜி போகுதுன்னு அளந்து 1957-ல வெளியிட்டார். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்துக்கான கணக்கு, கிலோ கலோரில: செடிகளும் பாசியும் சேர்ந்து புடிச்சது 20,810. அதுல பாதிக்கு மேல அதுங்க உயிர் வாழவே செலவழிஞ்சு போச்சு, மிச்சம் 8,833. அதுல இலை தழை தின்னிகளுக்குப் போனது 3,368. அதுங்களைத் திங்குறதுங்களுக்கு 383. உச்சியில இருக்குற பெரிய மீனுங்களுக்கு வந்து சேர்ந்தது 21.

இருபதாயிரத்துச் சொச்சத்துல இருபத்தொண்ணு! பையன் நினைச்சதுக்கு நேர் எதிர், புலிகிட்ட சேரல, புலிகிட்ட வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே காலி. அவன்கிட்ட இந்த நம்பரைச் சொன்னப்ப "அப்போ மீதி எங்க?"ன்னான். மீதி சூடு. ஒவ்வொரு உயிரும் மூச்சு விடுறப்போ, ஓடுறப்போ, சும்மா படுத்துக் கெடக்குறப்போகூட, சாப்பாட்டுல இருந்த எனர்ஜி சூடாத்தான் வெளியே போகுது. அந்தச் சூட்டை எந்தச் செடியாலயும் திருப்பிப் புடிச்சு மாவுச்சத்தா மாத்த முடியாது. கடைசில அது பூமில இருந்து வெளிச்சமாவே, ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமா, வானத்துல கலந்து போயிடுது.

இதை முதல்ல கணக்கா யோசிச்சது ரேமண்ட் லிண்டமன்னு ஒரு சின்னப் பையன், பையன்னுதான் சொல்லணும், 27 வயசு ஆகுறதுக்குள்ளயே இறந்துட்டார். மினசோட்டாவுல சீடர் பாக் ஏரின்னு ஆழமே இல்லாத ஒரு ஏரியை வருஷக்கணக்கா அளந்து, யாரு யாரைத் திங்குறாங்கன்னு பட்டியல் போடுறதை விட்டுட்டு எவ்வளவு எனர்ஜி கை மாறுதுன்னு பாருங்கன்னு எழுதினார். கட்டுரையை முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க, ரொம்ப தியரியா இருக்காம். ஹட்சின்சன்ங்கற பெரிய விஞ்ஞானி பரிஞ்சு பேசின பிறகுதான் ஏத்துக்கிட்டாங்க, 1942-ல அது அச்சாகி வர்றப்போ லிண்டமன் உயிரோட இல்ல. இன்னைக்கு எந்த ஸ்கூல் புக்லயும் வர்ற எனர்ஜி பிரமிடு, கீழ செடி அகலமா, மேல போகப் போகக் குறுகுற அந்தப் படம், அந்த வழியில வந்ததுதான்.

ஒவ்வொரு படிலயும் பத்துல ஒரு பங்கு எனர்ஜிதான் மேல போகும்னு அந்தப் பிரமிடோட ஒட்டிக்கிட்டு வர்ற "பத்து சதவீத விதி"யைப் பத்தி ஒரு வார்த்தை. அது விதியெல்லாம் இல்ல, சும்மா ஒரு குத்துமதிப்பு. ஓடமோட நம்பரையே வகுத்துப் பாருங்க, செடி புடிச்ச மொத்த 20,810-ல இலை தின்னிகளுக்குப் போன முதல் படில 16 சதவீதம், அடுத்ததுல 11, கடைசில அஞ்சரை. யாரு திங்குறா, எதைத் திங்குறாங்கறதைப் பொறுத்து மாறும். கம்பளிப்புழு மாதிரி குளிர்ந்த உடம்புக்காரங்க, செரிச்சதுல நல்ல ஒரு பங்கை உடம்பா மாத்திக்குவாங்க. நம்மளை மாதிரி, பறவை மாதிரி, உடம்பை எப்பவும் சூடாவே வெச்சிருக்கறவங்க செரிச்சதுல 97, 98 சதவீதத்தை வெறும் உயிர் வாழவே எரிச்சுடறோம், உடம்பா மாறுறது ரெண்டு மூணு சதவீதம்தான். ஒரு எலியைக் கொழுக்க வைக்கிறதைவிட அதே தீனியில வெட்டுக்கிளியைக் கொழுக்க வைக்கிறது பல மடங்கு லாபம்.

கடல்ல இன்னும் வேடிக்கை. உலகம் பூரா செடிங்க வருஷத்துக்குப் புடிச்சு உடம்பாக்குற கார்பன் சுமார் 10,500 கோடி டன், அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா கடல்ல மிதக்குற கண்ணுக்குத் தெரியாத பாசிங்க புடிக்குது. ஆனா அந்தப் பாசியை எல்லாம் மொத்தமா எடை போட்டா தரையில இருக்குற செடி கொடி மரத்துல ஒரு சதவீதம்கூட தேறாது. எப்படின்னா அது பொறந்து சில நாள்லயே இன்னொண்ணு வாய்க்குள்ள போயிடுது, அதுக்குள்ள ரெண்டாப் பிரிஞ்சு அடுத்ததும் தயாராயிடுது. அதனால கடல்ல எடை பிரமிடு தலைகீழா நிக்கும், திங்குறவங்க எடை அதிகம், திங்கப்படுறது எடை கம்மி. எடையை மட்டும் பாத்து யாரு முக்கியம்னு முடிவு பண்ணினா ஏமாந்துதான் போகணும்.

சரி, இப்ப ஓடமோட கணக்குல நான் வேணும்னே சொல்லாம விட்ட ஒரு நம்பர் இருக்கு. 5,060. செத்ததைச் சிதைக்கிற பாக்டீரியா பூஞ்சைங்களுக்குப் போனது. இலை தின்னிகளுக்குப் போன 3,368-ஐ விட அதிகம்! புக்ல மானும் புலியும் பெருசா கலர்ல இருக்கும், கீழ ஒரு மூலையில "சிதைப்பவை"ன்னு நாலு காளான் வரைஞ்சிருப்பாங்க. உண்மையில காட்டுல நிலைமை இதைவிட ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. ஒரு சராசரிக் காட்டுல இலையில பத்துல ஒரு பங்குகூட உயிரோட இருக்குறப்போ யாராலும் திங்கப்படுறதில்ல. மீதி எல்லாம் பழுத்து, காய்ஞ்சு, கீழ விழுந்துதான் யாருக்காவது சாப்பாடாகுது. காட்டோட பெரும்பங்கு எனர்ஜி மான் வயித்துக்குப் போறதே இல்ல, காலடியில சருகுக்குள்ள தீருது.

ஒரு மக்கிப்போன கட்டையைப் புரட்டிப் பாருங்க. மேல பட்டை கையோட கழண்டு வரும், உள்ள வெள்ளை நூல் வலை பின்னியிருக்கும், அதுதான் பூஞ்சை, காளான்ங்கறது அது எப்பவாவது வெளியே நீட்டுற பகுதி மட்டும்தான். சில கட்டை வெளுத்து நார் நாரா, ஈரப் பஞ்சு மாதிரி பிஞ்சு வரும், அங்க வேலை பாத்தது லிக்னினை உடைக்கத் தெரிஞ்ச பூஞ்சை. லிக்னின்தான் மரத்துக்கு மரத்தன்மை குடுக்குறது, உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் அதை முழுசா உடைக்கிற வித்தை தெரியும். இன்னும் சில கட்டை செம்பழுப்பா, சின்னச் சின்னக் கட்டமா வெடிச்சு, விரல்ல நசுக்கினா பொடியாகும், அங்க வந்தது வேற ஜாதிப் பூஞ்சை, அது லிக்னினை அப்படியே விட்டுட்டு மத்ததை மட்டும் உறிஞ்சிட்டுப் போயிருக்கு. நடுவுல மரவட்டை, ஊசி முனை அளவுக்குத் துள்ளுற பூச்சிங்க, நூல் மாதிரிப் புழுங்க, எல்லாம் கடிச்சுப் பொடியாக்கிக் குடுத்தாத்தான் பாக்டீரியாவுக்கு வேலை சுலபம்.

இந்தக் கட்டைக்குள்ள ஒரு தட்டுப்பாடு ஓடிக்கிட்டே இருக்கும். மரத்துல ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூத்துக்கணக்கான பங்கு கார்பன். பாக்டீரியா உடம்புலயோ ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பத்துக்கும் குறைவான கார்பன். வீடு கட்டுறவனுக்கு செங்கல் லோடு லோடா வந்து இறங்கி, சிமெண்ட் மட்டும் ஒரு கைப்பிடி குடுத்த மாதிரி. என்ன பண்ணும் அது? பக்கத்து மண்ணுல இருக்குற நைட்ரஜனை இழுத்துக்கும். அதனாலதான் பச்சை மரத்தூளைக் கொண்டுபோய் மண்ணுல கலந்தா செடி கொழுக்குறதுக்குப் பதிலா வெளுத்துப் போகுது, மக்குற வேலை பாக்குறவங்க செடிக்கு முன்னாடி பந்திக்கு வந்துட்டாங்க. அதுங்க வேலை முடிச்சு, செத்து, அதுங்களை வேற ஏதாவது தின்னு கழிச்ச பிறகுதான் நைட்ரஜன் வெளியே வரும்.

மரமும் லேசுப்பட்டதில்ல. இலை பழுக்குறதை நாம அழகுன்னு போட்டோ எடுக்குறோம், மரம் அப்ப வீட்டைக் காலி பண்ணிட்டு இருக்கு. பச்சையத்தை உடைச்சு, அதுல இருக்குற நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாத்தையும் காம்பு வழியா கிளைக்குள்ள இழுத்துக்கிட்டு, கிட்டத்தட்ட பாதியைத் திருப்பி எடுத்த பிறகுதான் காம்புல கதவைச் சாத்தும். கீழ விழுறது சக்கை. காத்துல அடிச்சு பச்சையாவே உதிர்ந்த இலையில சத்து அப்படியே இருக்கும், அதனால அது சீக்கிரம் மக்கும், தானாப் பழுத்து விழுந்தது மெதுவா மக்கும்.

இவ்வளவு கஞ்சத்தனம் ஏன்னா, தண்ணிக்குப் பயந்துதான். தண்ணி எப்பவும் பள்ளம் பாத்துத்தான் ஓடும், ஓடுறப்போ கரையுறதை எல்லாம் கூட்டிட்டுப் போகும். இதைக் கண்ணால பாக்கணும்னு அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷைர்ல, ஹப்பர்ட் புரூக்னு ஒரு காட்டுல, லைக்கன்ஸ், போர்மன்னு ரெண்டு பேர் ஒரு காரியம் பண்ணினாங்க. அந்தக் காட்டுக்கு அடியில தண்ணி உறிஞ்சாத பாறை, அதனால ஒரு பள்ளத்தாக்குல பெய்யுற மழையில மரமும் வெயிலும் எடுத்தது போக மீதி எல்லாம் கீழ ஒரே ஓடையிலதான் வந்தாகணும். அந்த ஓடைக்குக் குறுக்கால வி மாதிரி வெட்டின ஒரு தடுப்பைக் கட்டி, வாரா வாரம் தண்ணி எடுத்து அளந்தாங்க. காடு நல்லா இருக்குறவரைக்கும் ஓடையில சத்து ரொம்பக் கம்மியாத்தான் வந்துச்சு. 1965 கடைசில ஒரு பள்ளத்தாக்குல மட்டும் எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்ச்சாங்க, ஒரு குச்சியைக்கூட வெளியே எடுக்கல, எல்லாம் விழுந்த எடத்துலயே. திரும்ப எதுவும் முளைக்காம இருக்க மூணு வருஷம் களைக்கொல்லி அடிச்சாங்க. ஓடையில நைட்ரேட், அதாவது தண்ணியில கரையுற நைட்ரஜன் சத்து, பல பத்து மடங்கு ஏறிடுச்சு, குடிக்கிற தண்ணிக்கு வெச்சிருக்குற அளவையே தாண்டுச்சு.

மரத்தை எடுத்துட்டுப் போனதால வந்த நஷ்டமில்ல இது, அத்தனையும் அங்கயேதான் கெடந்துச்சு. புடிச்சு வெச்சுக்க வேர் இல்ல, அவ்வளவுதான். வட்டம்னு நாம வரையுறது உண்மையில ஒரு ஓட்டைப் பாத்திரம், உயிரோட இருக்குற வேர்தான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுவும் முழுசா அடைக்காது, வருஷா வருஷம் கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

கசிஞ்சதுல நைட்ரஜன் பரவால்ல, காத்துலயே 78 சதவீதம் அதுதான், மின்னல் கொஞ்சம் இறக்கும், சில பாக்டீரியா நிறைய இறக்கும். வசமா மாட்டிக்கிறது பாஸ்பரஸ். அதுக்குக் காத்துல சேமிப்பே கிடையாது. பாறை கரைஞ்சா வரும், மண்ணுக்குப் போகும், ஆத்துக்குப் போகும், கடல்ல போய் அடியில உக்காந்துடும், அந்தக் கடல்தரை மலையா எழும்பி வர்றதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். ஹவாய் தீவுகள்ல இதை அப்படியே வரிசையாப் பாக்கலாம், ஏன்னா ஒவ்வொரு தீவும் ஒரு வயசு. கிலாவேயா எரிமலைப் பக்கம் மண்ணுக்கு வயசு வெறும் 300 வருஷம், அங்க பாஸ்பரஸ் இருக்கு, நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். வடமேற்குல காவாய் தீவுல மண்ணுக்கு வயசு 41 லட்சம் வருஷம், அங்க பாறையில இருந்ததெல்லாம் எப்பவோ கழுவிப் போயாச்சு. நியாயப்படி அங்க காடே நிக்கக் கூடாது. நிக்குது. எப்படின்னு பாத்தா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஆசியாவுல இருந்து கடல் தாண்டிக் காத்துல வர்ற தூசியில இருக்குற பாஸ்பரஸை வெச்சு வண்டி ஓடுது.

அமேசானும் இதே கேஸ்தான். ஆப்பிரிக்காவுல சாட் நாட்டுல போடெலேன்னு ஒரு பள்ளம், ஒரு காலத்துல பெரிய ஏரியா இருந்து வத்திப்போன எடம், அடியில செத்துக் கெடக்குற பாசி ஓடுங்க மாவா இருக்கு. சஹாராத் தூசி எழும்புற எடங்கள்ல முக்கியமானது இது. 2007-ல இருந்து 2013 வரைக்கும் சேட்டிலைட்ல பாத்து 2015-ல ஒரு கணக்கு வந்துச்சு: வருஷத்துக்கு 2.77 கோடி டன் சஹாராத் தூசி அமேசான் படுகையில விழுது, அதோட 22,000 டன் பாஸ்பரஸ். மழை வருஷா வருஷம் கழுவிட்டுப் போறதும் ஏறக்குறைய இதே அளவுதானாம். செத்துப்போன ஏரி ஒண்ணு இன்னொரு கண்டத்துக் காட்டுக்குப் படியளக்குது.

சரி, தூசி பறக்குது, ஆனா கடலுக்குள்ள போனது? அங்கதான் அந்த "யாராவது" வர்றாங்க. கால் இருக்கறவங்க, இறக்கை இருக்கறவங்க, துடுப்பு இருக்கறவங்க. தண்ணிக்குப் பள்ளம்தான் தெரியும், மேடு ஏறுறதுக்கு உயிர் வேணும்.

பசிபிக் சால்மன் மீனை எடுத்துக்கோங்க. ஆத்துல பொறந்து, கடலுக்குப் போய், உடம்புல 95 சதவீதத்துக்கு மேல அங்கயே வளர்த்துக்கிட்டு, முட்டை போட ஆத்துல எதிர்நீச்சல் அடிச்சு மேல ஏறி வந்து, போட்டு முடிச்சதும் செத்துடும். வழியில கரடி புடிக்கும். மீன் நிறைய இருக்குற சீசன்ல கரடி ரொம்பப் பிகு பண்ணும், மூளையையும் முட்டையையும் மட்டும் தின்னுட்டு மீதியைக் காட்டுக்குள்ள போட்டுட்டு அடுத்த மீனுக்குப் போயிடும். கடல்ல இருக்குற நைட்ரஜன்ல கனமான நைட்ரஜன் கொஞ்சம் கூடுதலா இருக்கும், அந்த அடையாளத்தை வெச்சு ஆத்தோர மரத்தோட இலையில பாத்தா, மரத்துக்குள்ள மீன் இருக்கு. கடலுக்குப் போனதை மீன் மேல கொண்டு வந்துச்சு, ஆத்துல இருந்து கரைக்குக் கரடி தூக்கிட்டுப் போச்சு.

கடல் பறவைங்க இதையே ஆகாயத்துல பண்றாங்க. மீனைக் கடல்ல தின்னுட்டு எச்சத்தைத் தீவுல போடுறது. பெரு நாட்டுக் கரையோரம் ஆழ்கடல் குளிர்ந்த தண்ணி சத்தோட மேல வருது, பாசி பெருகுது, நெத்திலி பெருகுது, பறவை பெருகுது, மழையே இல்லாததால எச்சம் கரையாம அடுக்கடுக்கா ஏறி, சின்ச்சா தீவுகள்ல சில எடத்துல 30 மீட்டருக்கு மேல நின்னுச்சு. 1840-கள்ல இருந்து அதை வெட்டி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலா உரமா அனுப்பினாங்க. 1856-ல அமெரிக்கா, பறவை எச்சம் இருக்குற ஆளில்லாத தீவை அமெரிக்கக் குடிமகன் யாராவது கண்டுபிடிச்சா அதை நாட்டோட சேத்துக்கலாம்னு சட்டமே போட்டுச்சு. 1864-ல ஸ்பெயின் படை வந்து சின்ச்சா தீவுகளைப் புடிச்சு, சண்டை நடந்துச்சு. பறவை பீக்கு யுத்தம், வேற என்ன சொல்ல.

பறவை நின்னு போனா என்ன ஆகும்ங்கறதுக்கும் ஆதாரம் இருக்கு. அலாஸ்காவுக்குப் பக்கத்துல அலூஷன் தீவுகள்ல, தோல் வியாபாரத்துக்காக நரியைக் கொண்டுபோய் விட்டாங்க. நரி பறவையைத் தின்னுச்சு, எச்சம் விழுறது நின்னுச்சு. 2005-ல ஆராய்ச்சி பண்ணினவங்க நரி இருக்குற தீவையும் இல்லாத தீவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. நரி இல்லாத தீவு உயரமான செழிப்பான புல்வெளி. நரி விட்ட தீவு குட்டைச் செடியும் பாசியும் படர்ந்த சத்துக் குறைஞ்ச தரை. நரி ஒரு புல்லைக்கூட கடிக்கல.

திமிங்கலம் சமாச்சாரம் இன்னும் பெருசு. ஸ்பெர்ம் திமிங்கலம் நூத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு முங்கி கணவாயைத் தின்னுட்டு, மூச்சு விட மேல வரும். முங்கியிருக்குறப்போ உடம்பு அவசியமில்லாத வேலையை எல்லாம் நிறுத்தி வெச்சிருக்கும், அதனால கழிவு மேல வந்தப்புறம்தான். அது கெட்டியா இருக்காது, மேகம் மாதிரி தண்ணியில பரவும், அதுல இரும்பு இருக்கும். அண்டார்டிகாவைச் சுத்தியிருக்குற தென்பெருங்கடல்ல மத்த சத்தெல்லாம் இருந்தும் இரும்பு இல்லாமத்தான் பாசி வளராம கெடக்கு, ஆக அங்க அது பெரிய விஷயம். இருபதாம் நூற்றாண்டுல மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம் திமிங்கலத்தை வேட்டையாடினாங்க. திமிங்கலம் குறைஞ்சா, அதுல பல வகை திங்குற கிரில்ங்கற இறால் மாதிரி சின்ன உயிருங்க பெருகும்னுதான் எல்லாரும் எதிர்பாத்தாங்க, எனர்ஜி பிரமிடை மட்டும் பாத்தா சரிதானே, திங்குற வாய் குறைஞ்சுதே. ஆனா கிரில் அப்படி ஒண்ணும் பெருகல. உரம் போடுற ஆளும் சேர்ந்து போயிட்டதாலதான்னு சில விஞ்ஞானிகள் சொல்றாங்க, எனக்கு அது ரொம்ப நியாயமாப் படுது. 2016-ல வந்த ஒரு கணக்குப்படி கடல் பாலூட்டிகள் ஆழத்துல இருந்து மேல கொண்டு வர்ற பாஸ்பரஸ், பழைய அளவுல இப்ப கால்வாசிகூட இல்ல.

இப்ப ஓடமோட 21-ஐத் திரும்ப யோசிங்க. எனர்ஜி கணக்குல உச்சியில இருக்கறவங்க சில்லறைக்கும் சில்லறை. அவங்க இல்லாட்டி கணக்குப் புத்தகத்துல ஒரு வரிதான் குறையும். ஆனா தூக்கிட்டுப் போற கணக்குல பாத்தா பெரிய உடம்பு, நீளமான குடல், தூரமா நடக்குற கால், இதெல்லாம்தான் ஆட்டத்தையே நடத்துது. பெரிய மிருகத்தோட வயித்துல தீனி நாள்கணக்குல இருக்கும், அதுக்குள்ள அது பல கிலோமீட்டர் போயிடும். எறும்பாலயும் பாக்டீரியாவாலயும் மக்க வைக்க முடியும், சத்தை மலை ஏத்த முடியாது. பெரிய மிருகத்தைக் காப்பாத்தணும்ங்கறதுக்கு அழகு, கம்பீரம்னு என்னென்னமோ காரணம் சொல்றாங்க, எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

செத்தாலும் அதுங்க வேலை முடியறதில்ல, யானைக்குச் சொல்ற ஆயிரம் பொன் கணக்கு, மாடு மாதிரி இருக்குற ஆப்பிரிக்க மானான வில்டபீஸ்ட்டுக்கும் பொருந்தும். கென்யாவுல மாரா ஆறு. வருஷா வருஷம் செரெங்கெட்டிப் புல்வெளில இருந்து பத்து லட்சத்துக்கும் மேல வில்டபீஸ்ட் புல்லைத் தேடி ஆத்தைத் தாண்டும், டிவில பாத்திருப்பீங்க, முதலை பாயும், எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பாப்போம். உண்மையில முதலை புடிக்கறதைவிட முண்டியடிச்சு முழுகிச் சாகுறதுதான் நிறைய. வருஷத்துக்குச் சராசரியா 6,250 உடம்பு, 1,100 டன். முதலை அதுல தின்னு தீக்குறது ரொம்பக் கொஞ்சம், வயித்துல எடம் வேணும்ல. கழுகும் நாரையும் மேல இருந்து கொத்தும். மீதி தசை சில வாரத்துல கரைஞ்சு ஆத்தோட போயிடும், மீனுக்கும் பூச்சிக்கும் கொண்டாட்டம். எலும்பு மட்டும் அடியில தங்கிடும். பாஸ்பரஸ்ல பெரும்பங்கு எலும்புலதான் இருக்கு. அது மேல வழவழன்னு பாசியும் பாக்டீரியாவும் ஒரு பூச்சு மாதிரி படியும், மீன் வந்து அந்தப் பூச்சைச் சுரண்டித் திங்கும், எலும்பு ஏழு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். ஓடுற ஆத்துல ஏழு வருஷம் தாக்குப் புடிக்கிற உரம்! அதே ஆத்துல சுமார் 4,000 நீர்யானை, ராத்திரி கரையில மேஞ்சுட்டு பகல்ல தண்ணியில போடுற சாணி ஒரு நாளைக்கு 36 டன். நீர்யானை பள்ளத்துக்குத்தான் தள்ளுது, மேட்டுக்கு இல்ல, எல்லாரும் ஒரே திசையில சுமக்குறதில்ல.

மனுசன் எங்க வர்றான்? நாம சுமக்குறதுல யாருக்கும் சளைச்சவங்க இல்ல. 1909-ல ஹேபர்ங்கற விஞ்ஞானி காத்துல இருக்குற நைட்ரஜனை வெச்சு, உரமாகுற அமோனியாவைத் தயாரிச்சுக் காட்டினார், 1913-ல அது தொழிற்சாலையாச்சு, இன்னைக்கு மனுசன் வருஷத்துக்கு இறக்குற நைட்ரஜன் தரையில இருக்குற மொத்த பாக்டீரியாவும் இறக்குறதுக்குச் சமமா நிக்குது. பாஸ்பரஸை அப்படி உருவாக்க முடியாது, தோண்டத்தான் வேணும். தெரிஞ்ச இருப்புல கிட்டத்தட்ட 70 சதவீதம் மொராக்கோவுலயும் மேற்கு சஹாராவுலயும் இருக்கு, அதுவும் பழைய கடல்தரைதான், தோண்டுற எடத்துல சுறாப் பல்லும் கடல் ஊர்வன எலும்பும் கலந்து வரும். அதை எடுத்து வயல்ல போடுறோம், பயிர் கொஞ்சம் எடுக்குது, மீதி ஆத்துக்கு, ஆத்துல இருந்து கடலுக்கு.

போற வழியில என்ன பண்ணும்னு கனடாவுல 226-ம் நம்பர் ஏரில டேவிட் ஷிண்ட்லர்ங்கற விஞ்ஞானி 1973-ல காட்டினார். ஏரி நடுவுல இடுப்பு மாதிரி குறுகும், அந்த எடத்துல பிளாஸ்டிக் திரையைக் கட்டி ரெண்டாப் பிரிச்சார். ஒரு பாதில கார்பனும் நைட்ரஜனும். மறு பாதில அது ரெண்டோட பாஸ்பரஸும். ஆகாயத்துல இருந்து எடுத்த போட்டோவுல ஒரு பக்கம் கருநீலம், இன்னொரு பக்கம் பச்சைக் கூழு. சோப்புத்தூள்ல பாஸ்பேட் போடக் கூடாதுன்னு பல எடத்துல சட்டம் வந்ததுக்கு அந்தப் போட்டோவுக்குப் பெரிய பங்கு உண்டு. கடல்ல இதுவே பாசியா பெருகி, செத்து அடியில இறங்கி, மக்க வைக்கிற பாக்டீரியா ஆக்சிஜனை எல்லாம் தீத்துடும். மெக்சிகோ வளைகுடாவுல மிசிசிப்பி ஆறு கலக்குற எடத்துல கோடைக்குக் கோடை அப்படி ஒரு பகுதி உருவாகுது, 2017-ல அது 22,730 சதுர கிலோமீட்டர், அதுவரைக்கும் அங்க அளந்ததுலயே பெருசு.

நம்ம உடம்பு வழியாவும் நிறையப் போகுது, சாப்பிட்ட பாஸ்பரஸ்ல பெரும்பங்கு சிறுநீர்ல வெளியே வந்துடும். 1669-ல ஹாம்பர்க்ல ஹென்னிக் பிராண்ட்ங்கறவர் தங்கம் எடுக்கலாம்னு வாளி வாளியா சிறுநீரைக் காய்ச்சி, தங்கத்துக்குப் பதிலா இருட்டுல ஒளிர்ற ஒரு பொருளைக் கண்டுபிடிச்சார், பாஸ்பரஸ் மனுசன் கைக்கு முதல்ல வந்ததே அப்படித்தான். கழிவுநீர் ஆலைக்காரங்களுக்கு ரொம்ப நாளா ஒரு தலைவலி உண்டு, பைப்புக்குள்ள ஸ்ட்ரூவைட்னு ஒரு வெள்ளைப் படிகம் கட்டிக்கிட்டு அடைச்சுக்கும், மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூணும் சேர்ந்தது, சுத்தியால தட்டித்தான் எடுப்பாங்க. சுத்தமான உரம் அது. இப்ப சில ஆலையில அதை வேணும்னே தனித் தொட்டில படிய வெச்சு எடுத்து வயலுக்கு அனுப்புறாங்க. ஜெர்மனில 2017-ல சட்டமே போட்டாச்சு, பெரிய ஆலைங்க எல்லாம் 2029-ல இருந்து கழிவுச் சேத்துல இருக்குற பாஸ்பரஸைத் திருப்பி எடுத்தே ஆகணும்னு.